கை வைக்காமல் சுருட்டுவது

முதல் மூன்று வாரம் எனக்கு உடைக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

காலியம் ஆர்சனைடு வேஃபர், அதாவது மெல்லிய படிகத் தட்டு, பார்வைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. கையில் எடுத்தால் அப்பளம். வைர முனை வைத்த பேனாவால் ஓரத்தில் நூலளவு ஒரு கீறல் போட வேண்டும். பிறகு துண்டைத் திருப்பி, கீறலுக்கு நேர் பின்னால் இடுக்கியின் முதுகால் மெல்ல அழுத்த வேண்டும். படிகம் தனக்குப் பிடித்த திசையில் நூல் பிடித்தாற்போலப் பிளந்துகொள்ளும். கீறல் கொஞ்சம் நீண்டால் பிளவு கோணும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் பொடியாகும். அந்தப் பொடியையும் குப்பைக்கூடையில் போட முடியாது, ஆர்சனிக் கலந்தது. அதற்கென்று தனி டப்பா. மூன்றாம் வாரக் கடைசியில் டப்பா பாதி நிறைந்திருந்தது. நிறைத்தது முழுக்க நான்தான்.

"பரவாயில்லை பிள்ளை, உடைச்சுப் பழகும். உருட்டிற வேலை பேந்து வரும்" என்றார் அண்ணை.

அண்ணை அந்தக் கிளீன் ரூமின் டெக்னீஷியன். ஆராய்ச்சிக்காக நான் கனடாவுக்குப் போயிருந்த காலம் அது. வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். சமன்பாடுகளையும் கட்டுரைகளையும் அவர் பார்த்துக்கொண்டார். என் கையைப் பழக்கியவர் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவுக்கு வந்து சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. முதல் நாள் நான் "அண்ணா" என்று கூப்பிட்டதும் முகமூடிக்கு மேலே கண்கள் சிரித்தன. "எங்கட பக்கம் 'அண்ணை' எண்டுதான் சொல்லுறது. நீர் எப்பிடியும் கூப்பிடலாம்." அன்றிலிருந்து அண்ணை. வெள்ளை அங்கி, தலைமூடி, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை எல்லாம் போட்ட பிறகு அங்கே ஆளை அடையாளம் காண்பது நடையையும் குரலையும் வைத்துத்தான். மஞ்சள் விளக்கெரியும் அந்த அறையில், அமிலத் தொட்டிகள் இருந்த மூலையில் மட்டும் என் திருநெல்வேலித் தமிழும் அவருடைய யாழ்ப்பாணத் தமிழும் கேட்கும்.

நாங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒரு குழாய். குறுக்களவு 5 மைக்ரோமீட்டர் சொச்சம். தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படிப் பத்துக் குழாயையாவது அடுக்கலாம். சுவரின் கனம் ஒரு சுற்றுக்கு 50 நானோமீட்டர். அந்தச் சுவருக்குள் ஒளியைச் சுற்றவிட்டு அதை லேசராக்க வேண்டும்.

லேசருக்கு இரண்டு சங்கதிகள் தேவை. ஒளியைப் பெருக்கும் பொருள் ஒன்று. அந்த ஒளி தப்பித்துப் போகாமல் திரும்பத் திரும்ப அந்தப் பொருள் வழியே வரச் செய்யும் அடைப்பு மற்றொன்று. இந்த அடைப்புக்குத்தான் ஒத்ததிர்வி என்று பெயர். சாதாரண லேசரில் எதிரெதிராக இரண்டு ஆடிகள் அந்த வேலையைச் செய்யும். குழாயில் ஆடி கிடையாது. சுவர் வளைகிறது, ஒளியும் சுவரைப் பிடித்துக்கொண்டே வளைகிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மாடத்தில் ஒருவர் சுவரோரமாகக் கிசுகிசுத்தால் வெகு தூரம் தள்ளிச் சுவரோரம் நிற்பவருக்குக் கேட்கும். ராலே பிரபு அதற்கான கணிதத்தை 1910இல் எழுதினார். 1921இல் இங்கிலாந்து போன சி.வி. ராமன் அதே மாடத்தில் சதர்லண்ட் என்பவரோடு சேர்ந்து சோதனை செய்து, ஒலி சுவரிலிருந்து விலக விலகச் சீராகத் தேய்வதில்லை, கூடியும் குறைந்தும் போகிறது என்று கண்டார். பீஜப்பூர் கோல் கும்பஸின் கிசுகிசு மாடத்தையும் அவர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ராமன் என்றால் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று கேட்டவர் என்று மட்டுமே சொல்லித் தந்தார்கள். அந்தக் கப்பல் பயணத்தின் மறு முனையில் இப்படி ஒரு சுவர் இருந்தது எனக்குக் கனடாவில் வைத்துத்தான் தெரிந்தது.

சுற்றினால் மட்டும் போதாது. கும்மி வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடித்துக் கிளம்பின இடத்துக்கு வரும்போது எந்தக் காலில் கிளம்பினோமோ அதே காலில் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த சுற்றில் கால் பின்னும். ஒளிக்கும் அதே கதைதான். குழாயின் சுற்றளவுக்குள் அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். எங்கள் குழாயின் சுற்றளவு சுமார் 17 மைக்ரோமீட்டர். ஒளியின் அலைநீளம் 1.2 மைக்ரோமீட்டர் வாக்கில். சுவர் மெலிந்தது, அதனால் ஒளியின் பெரும்பகுதி சுவரைத் தாண்டிக் காற்றிலும் கசிந்தே ஓடுகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் சுற்றுக்கு இருபத்தெட்டு அலை அடங்குவது ஒரு நிறம், இருபத்தேழு அடங்குவது அடுத்த நிறம். இடைப்பட்ட நிறங்களுக்குக் கால் பின்னிவிடும். நிறத்துக்கும் நிறத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 40 நானோமீட்டர். இந்த எண்ணை அண்ணை என் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னார். ஏன் என்பது எட்டு மாதம் கழித்துப் புரிந்தது.

வட்டமான ஒத்ததிர்வி வேண்டுமென்றால் வட்டத் தட்டாகச் செதுக்கலாமே என்று கேட்கலாம். பெல் ஆய்வகத்தில் 1992இல் அப்படி மைக்ரோ தட்டு லேசர்கள் செய்தார்கள். ஆனால் செதுக்கிய விளிம்பு எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் சொரசொரப்புத்தான். அங்கே மோதி ஒளி சிதறும். குழாயின் சுவரோ செதுக்கப்பட்டது அல்ல, அணு அடுக்கு அடுக்காக வளர்க்கப்பட்டது. வெளிப்புறம், உட்புறம் இரண்டுமே படிகத்தின் இயல்பான வழவழப்பு.

அந்த வழவழப்பான தாளைச் சுருட்டுவது யார்?

முதல் நாள் எனக்கு இருந்த கேள்வி இதுதான். ஏதோ நுண்ணிய ஊசி, ஏதோ இயந்திரக் கை இருக்கும், அதை இயக்கப் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா பீடி சுற்றுபவள். முக்கூடல் பக்கத்து ஊர் எங்களுடையது. இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்து, காலையில் அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து, ஒரு உருட்டு, ஒரு நூல் சுற்று, நுனியில் ஒரு மடிப்பு. அவள் கையைப் பார்த்து வளர்ந்தவளுக்குச் சுருட்டுதல் என்றாலே விரல்தான் நினைவுக்கு வரும். இதைச் சொன்னபோது அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய மாமா சுருட்டுக் கொட்டிலில் வேலை பார்த்தவராம். வரிசையாக உட்கார்ந்து பத்துப் பதினைந்து பேர் சுருட்டு சுற்ற, ஒருவர் மட்டும் பேப்பரை உரக்க வாசிப்பாராம். "இவ்வளவு தூரம் வந்தும் நாங்கள் ரெண்டு பேரும் உருட்டிறதுக்குத்தான் வந்திருக்கிறம், பாரும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா இதைக் கையால உருட்டேலாது. இது தானா உருளும். எங்கட வேலை வழிவிடுறது" என்றார்.

தானாக எப்படி உருளும்? துணியைத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். சூடேறும்போது ஒரு உலோகம் அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். ஒட்டியிருப்பதால் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்த வளைவுக்கான கணக்கை திமொஷென்கோ 1925இல் எழுதினார். எங்கள் குழாய்க்கும் அதே கணக்கு பொருந்துகிறது. வேறுபாடு, இங்கே விரிவது சூட்டினால் அல்ல, அணுக்களின் இடைவெளியினால். காலியம் ஆர்சனைடு படிகத்தில் அணிக்கோவை இடைவெளி 5.65 ஆங்ஸ்ட்ராம். இண்டியம் ஆர்சனைடில் 6.06. இண்டியத்தைக் கொஞ்சம், நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு, கலந்த அடுக்கை காலியம் ஆர்சனைடின் மேல் வளர்த்தால் அது பெரிய உடம்பைச் சின்னச் சட்டைக்குள் திணித்த மாதிரி ஒடுங்கி உட்காரும். அதன் மேல் ஒடுக்கம் இல்லாத காலியம் ஆர்சனைடு ஒரு அடுக்கு. கீழ் அடுக்கு 20 நானோமீட்டர், மேல் அடுக்கு 30. இரண்டுக்கும் அடியில் அலுமினியம் ஆர்சனைடு ஒரு படலம். இந்தப் படலத்தை மட்டும் அமிலம் கரைத்துவிட்டால், ஒடுங்கியிருந்த அடுக்கு விரியப் பார்க்கும், மேலடுக்கு விடாது, இரண்டும் சேர்ந்து மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். மேற்படி எண்களைத் திமொஷென்கோவின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். விட்டம் 5.4 மைக்ரோமீட்டர் வந்தது. பிற்பாடு நுண்ணோக்கியில் அளந்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு நூற்றாண்டுப் பழைய கணக்கு இத்தனை சிறிய பொருளிலும் செல்லுபடியாவது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர்கள் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் பிரின்ஸ் குழுவினர், 2000இல். மறு வருஷம் ஷ்டுட்கார்ட்டில் இருந்து ஒலிவர் ஷ்மிட்டும் கார்ல் எபெர்லும் மெல்லிய படலங்கள் குழாயாகச் சுருளும் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். குழாய்க்குள் ஒளி வட்டமிட்டு நிறம் நிறமாகப் பிரிவதை 2006இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அண்ணையின் மேசை இழுப்பறையில் இந்த மூன்று கட்டுரையும் காப்பிக் கறையோடு இருந்தன. ஹாம்பர்க் கட்டுரைதான் அதிகம் கசங்கியிருந்தது.

உருளும் திசை என்று ஒன்று இருக்கிறது. அதில்தான் என் முதல் பெரிய தோல்வி.

ரெசிஸ்ட் என்கிற பிசினை வேஃபர் துண்டின் மேல் சொட்டுவிட்டுச் சுழற்றினால் ஒரே சீராகப் பரவும். அதை லேசாகச் சுட்டு, மாஸ்க் வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, டெவலப்பரில் கழுவினால் மாஸ்கில் உள்ள படம் பிசினில் விழும். படத்தின் வழியே அமிலம் அரித்து, சுருள வேண்டிய தாளின் வடிவத்தை வெட்டித் தரும். பீடி இலைக்கு அளவுத் தகடு போல, எங்களுக்கு மாஸ்க். நான் மாஸ்கின் விளிம்பை வேஃபர் துண்டின் விளிம்போடு இணையாக, ஒரு கோடு பிசகாமல் பொருத்தினேன். அரை நாள் வேலை. பார்த்தால் அவ்வளவு நேர்த்தி. அமிலத்தில் இட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு தாள்கூட நேராகச் சுருளவில்லை. எல்லாம் மூலையிலிருந்து குறுக்காக, வெற்றிலை மடித்த மாதிரி சுருண்டு கிடந்தன.

அண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். "துண்டு எந்தத் திசையில பிளக்கும் எண்டு மூண்டு கிழமை படிச்சனீர். எந்தத் திசையில சுருளும் எண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. இந்தப் படிகம் எந்தத் திசையில் மிக எளிதாக வளையுமோ அந்தத் திசையில்தான் சுருளும். அது பிளக்கும் திசைக்கு 45 பாகை தள்ளி இருக்கிறது. ஆக, துண்டின் விளிம்புக்கு மாஸ்கைச் சாய்த்து வைத்தால்தான் குழாய் நேராக வரும். கண்ணுக்கு நேராக வைத்தால் குழாய் கோணும். அம்மாவுக்கு இதை எழுதினேன். இலையில் நரம்பு ஓடுகிற பக்கம் பார்க்காமல் வெட்டினால் பீடி பிரியும், இதைப் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பதில் வந்தது.

இரண்டாவது பாடம் தாளின் வடிவம். வெறும் செவ்வகத் தாள் சுருண்டால் குழாய் முழுநீளத்துக்கும் தரையில் படுத்துக்கிடக்கும். அடியில் இருப்பது அடர்த்தியான காலியம் ஆர்சனைடு. குழாயின் ஒளி, வாய்க்காலில் உடைப்பு எடுத்த மாதிரி, தொட்ட இடமெல்லாம் அதற்குள் இறங்கிவிடும். அதனால் தாளை 'ப' வடிவத்தில் வெட்டுகிறோம். இரண்டு கால்களும் அதிகச் சுற்று சுருண்டு கனக்கும், நடுப்பகுதி குறைந்த சுற்றோடு நின்றுவிடும். கால்களின் கனத்தால் நடுப்பகுதி தரையைத் தொடாமல், இரண்டு திண்ணைக்கு நடுவே கிடத்திய உலக்கை மாதிரி தூக்கி நிற்கும். அந்த நடுப்பகுதிதான் லேசர். ஒளி குழாயின் நீளவாக்கில் ஓடிவிடாமல் இருக்கவும் ஒரு தந்திரம் உண்டு. நடுவில் தாளின் விளிம்பைச் சிறு வளைவாகப் புடைக்க வைத்தால், சுருண்ட பிறகு அந்த இடத்தில் மட்டும் சுவர் கொஞ்சம் தடிக்கும், ஒளி அங்கேயே தங்கும். ஹாம்பர்க் குழு 2008இல் இதைப் பாட்டில் வடிவ அடைப்பு என்று விவரித்தது.

இனி அமிலம்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அலுமினியம் ஆர்சனைடை வேகமாகக் கரைக்கும், காலியம் ஆர்சனைடைக் கிட்டத்தட்டத் தொடாது. 1987இல் யாப்லோனோவிச் குழு இந்தத் தேர்ந்து கரைக்கும் குணத்தை வைத்தே முழுப் படலங்களை வேஃபரிலிருந்து உரித்தெடுத்துக் காட்டியது. அமிலத்தை நாங்கள் நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துத்தான் பயன்படுத்தினோம். அப்படியும் அண்ணை அதன் பக்கத்தில் நான் தனியாக நிற்க முதல் ஆறு மாதம் அனுமதிக்கவில்லை. பிளாஸ்டிக் ஏப்ரன், முகக்கவசம், முழங்கை வரை தடித்த கையுறை. கண்ணாடிக் குவளை கூடாது, அதையே தின்றுவிடும், டெஃப்லான் குவளைதான். கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு.

"உந்தத் தண்ணிக்கு நிறமும் இல்லை, பாக்கிறதுக்குச் சும்மா தண்ணிதான். நீர்த்தது கையில பட்டா உடன எரியவும் மாட்டுது. எரியேல்லை எண்டு விட்டுட்டா உள்ளுக்குப் போய் எலும்பைப் பிடிக்கும். அதாலதான் உதுக்குப் பயப்பிட வேணும்" என்றார். அமிலத்திலிருக்கும் ஃபுளோரைடு உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். களிம்பு, அது பிடித்துக்கொள்ள வேறு கால்சியத்தைக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

துண்டை இடுக்கியில் பிடித்து அமிலத்துக்குள் இறக்கிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். அமிலம் தாளின் ஒரு விளிம்பிலிருந்து அடியில் புகுந்து நகர்கிறது; அது நகர நகரப் படலம் விடுபட்டுச் சுருண்டுகொண்டே அதன் பின்னால் போகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. நுண்ணோக்கியை மேலே வைத்துப் பார்க்கலாமென்றால் அமில ஆவி லென்ஸைக் கெடுத்துவிடும். கடிகாரம்தான் கண். ஒரே வேஃபரிலிருந்து சோதனைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வேறு வேறு நேரம் இட்டு எடுத்து, எத்தனை விநாடியில் எத்தனை சுற்று என்று முதலில் ஒரு அட்டவணை போட வேண்டும். அரை நிமிடம் முந்தி எடுத்தால் பாதிச் சுருள். பிந்தினால் கால்களும் பிடிப்பு விட்டு, குழாய் முழுசாகக் கழன்று அமிலத்தோடு போய்விடும். நான் இடுக்கியை லேசாக ஆட்டுவேன். தெரிந்து ஆட்டுவதில்லை, சும்மா நிற்கக் கை ஒப்பாது.

"ஏன் ஆட்டுறீர்?"

"சீக்கிரம் கரையட்டும்னு அண்ணை."

"அது தன்ரை வேகத்திலதான் கரையும். நீர் ஆட்டினா ஒரு பக்கம் கெதியாப் போகும், மற்றப் பக்கம் நிக்கும். கையைச் சும்மா வையும்."

பொறுமை வேறு, கையைச் சும்மா வைப்பது வேறு. பொறுமை மனசு சம்பந்தப்பட்டது, அது எனக்கு ஓரளவு இருந்தது. கை சும்மா இருப்பதற்கு உடம்பு பழக வேண்டும். சுருட்டும் விசை முழுவதும் அந்தத் தாளுக்குள், பல வாரம் முன்னாலேயே, வேஃபரை வளர்த்தவர்கள் வைத்துவிட்டார்கள். எங்கே வெட்டுவது என்பதை மாஸ்கில் முடிவு செய்தாகிவிட்டது. அமிலத்தருகே நிற்பவருக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு தீர்மானம்: எப்போது எடுப்பது. அந்த ஒன்றைச் சரியாகச் செய்ய மற்ற எதையும் செய்யாமல் இருக்கப் பழகுவதே எனக்கு நாலு மாதம் பிடித்தது.

முதன்முதலில் நேரான குழாய் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, அதை இழந்த விதத்துக்காக. தண்ணீரில் அலசும்போதே நுண்ணோக்கியில் பார்த்தேன். வரிசை வரிசையாக, தரையிலிருந்து எழும்பி நின்ற கோடுகள். கத்த வேண்டும் போலிருந்தது. துண்டை வெளியே எடுத்து, மற்ற வேஃபர்களுக்குச் செய்வது போலவே நைட்ரஜன் துப்பாக்கியை எடுத்து ஊதினேன். ஒரு ஊது. மறுபடி நுண்ணோக்கியில் வைத்தபோது நடுப்பகுதி ஒன்றைக்கூடக் காணோம். கால்கள் மட்டும் அங்கங்கே குச்சி குச்சியாக நின்றன.

அண்ணை கோபப்படவில்லை. "கழுவி முடிச்ச பிறகுதான் கனபேர் விடுறவை" என்று மட்டும் சொன்னார். தேநீருக்குக் கூட்டிப்போனார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

ஊதாமல் தானாகக் காயவிட்டாலும் ஆபத்துத்தான். தண்ணீர் வற்றும்போது கடைசித் துளி குழாயைப் பற்றி இழுத்துத் தரையோடு ஒட்டிவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே தண்ணீரை அப்படியே ஆல்கஹாலால் மாற்றி, துண்டு ஒரு கணமும் காயாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் அதை வற்றவிடுவது ஒரு வழி. இன்னும் நம்பகமான வழி, ஆல்கஹாலை அழுத்தத்தில் இருக்கும் திரவக் கார்பன் டை ஆக்சைடால் மாற்றி, 31 பாகை செல்சியஸ், 73 வளிமண்டல அழுத்தம் என்கிற எல்லைக்கு மேலே கொண்டுபோய், வாயுவாகத் திறந்துவிடுவது. அந்த நிலையில் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே பரப்பு என்பதே கிடையாது. பரப்பு இல்லையென்றால் இழுக்கவும் ஆளில்லை. அந்த இயந்திரத்தின் முறைப்பட்டியலில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருப்பது தனி அனுபவம்; அது வேண்டாம்.

எட்டாம் மாதம் அளக்கும் அறைக்குப் போனோம். குழாய்ச் சுவருக்குள் இண்டியம் ஆர்சனைடு குவாண்டம் புள்ளிகள் பொதிந்திருக்கின்றன. ஒளியைப் பெருக்குபவை அவைதான். 632.8 நானோமீட்டர் சிவப்பு ஹீலியம்-நியான் கற்றையை நுண்ணோக்கி வழியே குழாயின் நடுவில் குவித்தால் புள்ளிகள் அகச்சிவப்பில் ஒளிரும். அதை நிறமாலைமானியில் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நான்கு குழாய்களில் திரையில் ஒரு வழுவழுப்பான மேடு மட்டும். புள்ளிகள் ஒளிர்கின்றன, ஒத்ததிர்வு இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சாய்த்துப் பார்த்தபோது நான்கும் நடுவில் தரை தொட்டிருந்தன. ஐந்தாவதில் மேட்டின் மேல் மூன்று முட்கள்.

நான் பேசவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். முள்ளுக்கும் முள்ளுக்கும் இடைவெளியை அளந்தேன். 40ஐ ஒட்டி வந்தது. அண்ணை எட்டிப் பார்த்து, "உது தூசி இல்லை, குறுக்கீடு இல்லை. உம்மட குழாய்தான்" என்றார். முட்கள் எதனால் வேண்டுமானாலும் வரலாம், குழாயின் விட்டத்துக்கு ஏற்ற இடைவெளியில் நிற்கும் முட்கள் குழாயிலிருந்து மட்டுமே வரும். இதற்காகத்தான் அந்த எண்ணை எழுதச் சொல்லியிருக்கிறார்.

முட்கள் இருப்பதாலேயே லேசர் ஆகிவிடாது. கற்றையின் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு அளவு வரை உள்ளே போவதும் வெளியே வருவதும் சாவதானமாகச் சேர்ந்து ஏறும். பிறகு ஓரிடத்தில் கோடு முழங்கால் மடித்து எழும். ஒரு முள் மட்டும் சட்டென்று ஒல்லியாகி உயரும். மான்ட்ரியலில் ஃபெங் லியும் ஸெட்டியன் மியும் 2009இல் அறை வெப்பநிலையிலேயே இதைச் செய்து காட்டியபோது அந்த முழங்கால், அதாவது லேசராகும் வாசல், 4 மைக்ரோவாட் வாக்கில் இருந்தது. எங்களுடையது அதைவிட ஏறத்தான் இருந்தது. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அந்த முழங்காலைக் கண்ட குஷியில் திறனை மேலும் ஏற்றினேன். முள் மெல்ல நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரத் தொடங்கியது, அகன்றது, பிறகு காணாமலே போனது. காற்றில் தொங்கும் 50 நானோமீட்டர் சுவருக்குச் சூட்டைக் கொட்ட இடமில்லை. நானே என் குழாயைப் பொசுக்கிவிட்டேன். கையைச் சும்மா வைக்க நான் படித்த பாடம் அமில மேசையோடு நின்றுவிட்டிருந்தது.

கம்பி இணைத்து மின்சாரத்தால் இயக்க வேண்டும் என்றால் இந்தச் சூடு இன்னும் பெரிய தொல்லை. மி குழுவினர் 2015இல் மின்சாரத்தால் இயங்கும் குழாய் லேசரைச் செய்தபோது அதை 80 கெல்வினுக்குக் குளிர்வித்துத்தான் இயக்கினார்கள். சிலிக்கான் சில்லின் மேல் ஒளி மூலமாக இதை உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் ஆசை, சிலிக்கான் தானாக ஒளிராது என்பதால். குழாயைக் கூர்த்த ஒளியிழையின் நுனியில் கோத்தெடுத்துச் சிலிக்கான் அலைவழியின் மேல் இறக்கி வைப்பதையும் பிறகு பழகினேன். ஊசியில் மல்லிகைக் காம்பைக் கோக்கிற மாதிரிதான், மூச்சை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் லேசர் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சுருட்டுவது நான் இல்லை, அதுவே சுருண்டுகொள்ளும் என்றதை மட்டும் அவள் நம்பவில்லை.

"சரி, ஒரு நாளைக்கு எத்தன சுத்துத?"

"தேறுறது நாலும்மா."

"நாலு கட்டா?"

"நாலு குழாய்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கத்தரி இலை வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப கூலி எப்படிட்டீ கட்டுபடியாவுது?" என்றாள்.